காணியாட்சியும் பட்டாவும்

ஒரு நிலத்திற்கு உடையவன் யாவன்? இவ்வினா மிக எளியதுபோலத் தோன்றும். ஆயினும், தமிழ்நாட்டு ஊர்தோறும் இவ்வினாவை எழுப்பி, அதற்கு ஒரு பெயரையே விடையாகப் பெறல் வேண்டும் என்று வற்புறுத்திய அரசு கும்பினியார் அரசே யாகும். அதற்கு முன்னிருந்த அரசுகள், ‘இந்நிலத்தின் விளைவில் யார் யார்க்கு எவ்வெப் பங்கு உரியது?’ என்பதனையே பெரும்பாலும் ஆராய்ந்தன. வினா மாறவே விடையும் மாறிற்று. விடை மாறவே ஊரின்கண் இருந்த அதிகாரமும் கைம்மாறிற்று. திருக்கோயில்களின் தேவதானங்கள் இம்மாற்றத்தின் நடுவே நின்றனவாதலின், இவ்வரலாறு வெறும் வரிக்கணக்கு வரலாறு அன்று. கோயிலுக்கும் குடிக்கும் இடையே இருந்த உறவின் வரலாறுமாம் என்க.

பழைய நிலை

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலவுரிமையைக் குறிக்கும் சொல் ‘காணி’ என்பது. அதனைத் துய்க்கும் உரிமை காணியாட்சி எனப்படும். முதலாம் இராசராசன் (985-1014) உலகளந்த கோலால் நாடு முழுதும் அளப்பித்தான். வேலியினும் மாவினும் நில்லாது, முந்திரிகைக்குக் கீழும் இறங்கிச் செல்லும் நுண்ணிய பின்னங்களால் நிலங்கள் கணக்கிடப்பட்டன. ஊர்கள் வெள்ளான்வகை, பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம் எனப் பலவகைப்பட்டன. உழுவிக்கும் உரிமை காராண்மை எனவும், அதன்மேல் நின்ற உரிமை மீயாட்சி எனவும் வழங்கின. விளைவில் அரசர்க்கோ அவரால் பெற்றார்க்கோ செல்வது மேல்வாரம். குடிகட்கு நிற்பது குடிவாரம்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓர் ஊரைத் தேவதானமாக அரசன் அளித்தான் என்றால், அவ்வூர் மண் முழுதும் கோயிலுக்கு ஆயிற்று என்று பொருள் கொள்ளுதல் எல்லாவிடத்தும் பொருந்தாது. பல இடங்களில் அரசன் தனக்கு வரவேண்டிய இறையையே இறைவற்கு ஆக்கினான். உழுகுடிகள் தத்தம் காணியிலேயே நின்றனர். இதனைக் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்று கல்வெட்டுக்கள் கூறும். முன்னிருந்த குடிகளை நீக்கி, இருவகை உரிமையும் கோயிலுக்கே ஆக்கிய கொடைகளும் உள. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பிற்காலத்து நீதிமன்றங்களில் பெருவழக்காக எழுந்ததனைப் பின்னர்க் காண்போர், இது வெறுஞ்சொல் வேறுபாடு அன்று என்பதனை உணர்வர்.

கோயில் நிலத்தின் ஆவணங்கள் சண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தன. நிலம் வாங்குபவரும், விற்பவரும், குத்தகைக்கு விடுபவரும் ஆதிசண்டேசுவர தேவரே என்று எழுதப்பட்டன. கோயில் நிலம் விற்கும் விலை ‘சண்டேசுவரப் பெருவிலை’ எனப் பெயர் பெற்றது. இறைவன் உடையான், சண்டேசர் அவன் தொண்டருள் முதல்வர், கோயிற் கணக்கரும் தானத்தாரும் அத்தொண்டர்தம் பணியாளர். இவ்வமைப்பில், எந்த மனிதனும் கோயில் நிலத்தைத் ‘தனது’ என்று எழுதிக்கொள்ளுதற்கு இடமில்லை. உடைமை ஒருவர்க்கு, காவல் ஒருவர்க்கு, உழவு ஒருவர்க்கு எனப் பிரிந்து நின்றது.

இனிக் களத்துமேட்டினை நோக்கின், நெற்குவியல் பல பங்காகப் பிரிந்தது. மேல்வாரம் அளந்த பின்னரும் அளக்கு முன்னரும் கொல்லன், தச்சன், வண்ணான், நாவிதன், வெட்டியான், நீர்பாய்ச்சுவோன் முதலியோர்க்கு உரிய சுதந்திரங்கள் களத்திலேயே அளக்கப்பட்டன. காணியாளர் தம்முள்ளும் நிலத்தைச் சில ஊர்களில் குறித்த ஆண்டுகட்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டுக்கொண்டனர். இது கரையீடு எனப்பட்டது. மாற்றிக்கொள்ளும் முறை பசுங்கரை எனவும், நிலையாகப் பிரித்துக்கொண்ட முறை அறுதிக்கரை எனவும் பெயர் பெற்றன. வெளியூரிலிருந்து வந்து உழுதோர் பரகுடிகள். ஊரிலேயே நிலைத்தோர் உள்குடிகள்.

இந்நிலையை ஒரு பொற்காலமாகப் புனைந்துரைத்தல் வரலாற்றுக்கு அடாது. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இறையிலியாய் நீக்கிய நிலங்களைக் கூறுமிடத்து, ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் எண்ணுகின்றன. அச்சேரிகளில் இருந்தோர் உழைத்தனர். அவர்க்குக் காணி இல்லை. ஆட்களைக் கோயிலுக்கும் மடத்திற்கும் விலைக்கும் கொடையாகவும் ஈந்த செய்தி கூறும் கல்வெட்டுக்களும் உள. ஆதலின் ஏற்றத்தாழ்வு கும்பினியார் கொணர்ந்ததன்று. அவர் கொணர்ந்தது, அவ்வேற்றத்தாழ்வைத் தாளில் எழுதி நிலைநிறுத்தும் ஒரு புதிய முறையாகும்.

கும்பினியார் வரவு

ஆர்க்காட்டு நவாபு முகமதலி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார்க்குச் சாகீராக அளித்தார். 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் பாராமகாலும் திண்டுக்கல்லும் அவர் கைப்பட்டன. 1799-இல் சரபோசி மன்னரோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சைச் சீமையும், 1801-இல் கருநாடக நவாபோடு செய்த உடன்படிக்கையால் எஞ்சிய பெரும்பகுதியும் அவர் ஆட்சிக்கு வந்தன. இந்நாற்பதாண்டுக்குள் ஒரு வாணிகக் கூட்டத்தார் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வரிவாங்கும் அரசராயினர்.

இவர்க்கு முதற்கண் இடையூறாய் நின்றோர் பாளையக்காரர். அவர் தம் பாளையத்துள் வரி பெற்றதோடு, தேசகாவல், தலக்காவல் என்னும் காவலுரிமையும் உடையராய்ப் படையும் வைத்திருந்தனர். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றிலும், 1801-இல் சிவகங்கை மருது சகோதரர் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன, காவலுரிமை கும்பினியார்பாற் சென்றது. கும்பினியார்க்குத் துணைநின்ற எட்டயபுரத்தார் போல்வார்க்கு நிலம் பரிசாகக் கிடைத்தது.

வங்காளத்தில் 1793-இல் காரன்வாலிசு பிரபு ஏற்படுத்திய நிலையான வரித்திட்டம், 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குச் சட்டத்தால் சென்னை மாகாணத்தும் புகுந்தது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803-இல் நிலையான சமீன்களாயின. பாளையக்காரன் சமீன்தாரன் ஆனான். வாளை இழந்தவன் பட்டயத்தைப் பெற்றான். முன்னர் அவன் படையால் ஆண்டான். குடிகள் பொறாதபோது ஊரைவிட்டு வேறு பாளையம் புகுவர் என்னும் அச்சமும் அவனுக்கு இருந்தது. இப்பொழுது அவனுக்குப் பின்னே கும்பினியாரின் நீதிமன்றமும் படையும் நின்றன. குடிகட்கு அஞ்சவேண்டிய தேவை குறைந்தது. பேஷ்குஷ் என்னும் கப்பத்தைத் தவணை தவறாமற் கட்டவேண்டிய தேவை மட்டும் மிகுந்தது.

பாளையம் இல்லாத செங்கற்பட்டிலும் சேலத்திலும் ஊர்கள் பல முட்டாக்களாகத் தொகுக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. ஊரோடு யாதொரு தொடர்பும் இல்லாதாரும் ஏலத்தில் எடுத்து உடையராயினர். அவருட் பலர் கப்பம் கட்டமாட்டாது சில ஆண்டிலேயே வீழ்ந்தனர். பின்னர் ஊர்க்குத்தகை முறை மூவாண்டு, பத்தாண்டு என்று செய்து பார்க்கப்பட்டது. அதுவும் நிலைபெறவில்லை.

குடிவாரித் திட்டமும் ‘குடி’ என்னும் சொல்லும்

பாராமகாலில் ரீடு என்பாரும் அவர்க்குத் துணைவராயிருந்த தாமசு மன்றோவும் வயல்வயலாக அளந்து, ஒவ்வொரு குடியோடும் நேரே வரியுடன்பாடு செய்யும் முறையைத் தொடங்கினர். மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராயிருந்த காலத்து இம்முறையே பொதுமுறையாயிற்று. இதுவே இரயத்துவாரி என்பது. இடையில் சமீன்தாரன் என்பான் ஒருவன் இன்றி, உழுவோனும் அரசும் நேர்நின்று பேசும் முறை என்று இது புகழப்பட்டது.

புகழ்ச்சி ஒருபுடை உண்மையே. புன்செய்ச் சீமையில் தானே உழுது பயிரிடும் சிறு குடியானவன் பலவிடத்துப் பட்டாப் பெற்றான். ஆயின் காவிரி பாயும் தஞ்சையிலும், பாலாற்றுச் செங்கற்பட்டிலும், தாமிரபரணி பாயும் நெல்லையிலும் அரசு ‘இரயத்து’ என்று கண்டுகொண்டது ஏர்பிடித்தவனை அன்று, காணியாளனாகிய மிராசுதாரனையே. மிராசு என்பது மரபுரிமை என்னும் பொருள்பட்ட அராபியச் சொல்லின் வழிவந்தது. காணி என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் இடத்தில் கச்சேரி வழக்காக அமர்ந்தது. சென்னைக் கலெக்டராயிருந்தவரும், திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கியவருமாகிய எல்லிசு துரை, மிராசுரிமை பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியது 1818-இல் அச்சாயிற்று. காணியாளர் உரிமை மிகப் பழைமையது என்பதனை அவர் பழைய ஆவணங்கள் கொண்டு நாட்டினார். அதனால் காணியாளர் உரிமை காக்கப்பட்டது. அவர்கீழ் உழுத பரகுடிக்கும் பண்ணையாளுக்கும் அத்தகைய ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாத உரிமை உரிமையாகவே எண்ணப்படவில்லை.

முன்னர் ஒரு நிலத்தின்மேல் பலர் நின்றனர். பட்டாவில் ஒரு பெயருக்கே இடமுண்டு. அவ்வொரு பெயர் பெற்றவன் ‘உடையவன்’ ஆனான். ஏனையோர் அவன் விருப்பின்வழி இருப்போர் ஆயினர். பசுங்கரை முறையில் மாறிமாறி வந்த பங்குகள் அளவைக் கல்லால் நிலைபெற்றன. ஊர்ப் பொதுவாயிருந்த புறம்போக்கு, மேய்ச்சல், தரிசு என்பன அரசின் சொத்தாயின. களத்தில் அளந்த சுதந்திரங்கள் நாளடைவில் தேய்ந்தன. 1858-க்குப் பின்னர் முறையான அளவையும் தரம்பிரித்தலும் நிகழ்ந்தபோது இம்மாற்றம் முழுமை பெற்றது.

கணக்கன் கைப்பட்ட அதிகாரம்

1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஊர்த்தலைவன் கிராம முன்சீபாக்கப்பட்டு, சிறுவழக்குத் தீர்க்கும் அதிகாரமும் காவல் அதிகாரமும் பெற்றான். கர்ணம் சிட்டா, அடங்கல் முதலிய கணக்குக்களை எழுதினான். ஆண்டுதோறும் சமாபந்தியில் அக்கணக்கே சான்றாக நின்றது. கலெக்டர் நூற்றுக்கணக்கான ஊர்க்கு ஒருவர். அவர்க்கு ஊர்மொழியும் ஊர்வழக்கும் புதியன. ஆதலின் எழுதியவன் எழுத்தே நிலத்தின் தலையெழுத்தாயிற்று. முன்சீபும் கர்ணமும் பெரும்பாலும் காணியாளர் குடியிலிருந்தே வந்தனர். நிலமுடைமை, கணக்கு, காவல், நீதி என்னும் நான்கும் ஊரில் ஒரே தெருவில் வந்து கூடின.

வரி பணமாகவும் குறித்த தவணையிலும் கட்டப்படவேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெல்விலை வீழ்ந்து கிடந்தது. பண வரியோ அதற்கேற்பக் குறையவில்லை. அறுவடைக் காலத்து விலை தாழ்ந்த நெல்லை விற்றுக் கிஸ்து கட்டியவன், விதைக்கும் சோற்றுக்கும் கடன்பட்டான். வரி தண்டுதற்குக் குடிகளைத் துன்புறுத்திய செய்தி பரவ, அதனை ஆராயச் சென்னையில் ஒரு குழு ஏற்படுத்தப்பட்டது. 1855-இல் வெளிவந்த அதன் அறிக்கை, கிட்டி பூட்டுதலும், கழுத்தை வளைத்துக் கயிற்றாற் பிணித்து வெயிலில் நிறுத்தலும் வரி தண்டும் வழிகளாயிருந்தன என்பதனை வெளிப்படுத்திற்று. 1864-ஆம் ஆண்டின் வரித்தண்டற் சட்டம், நிலுவைக்கு நிலத்தை ஏலமிடும் வழியை ஒழுங்குபடுத்திற்று. வரிக்கும் கடனுக்கும் விலைபோகும் பண்டமாக நிலம் ஆயிற்று. வட்டிக்குக் கொடுப்போனும் வழக்குரைப்போனும் நிலவுடையோர் வரிசையிற் சேர்ந்தனர்.

சேரியின் நிலை

பண்ணையடிமை முறை பற்றி 1819-இல் வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் செய்தி கேட்டது. அடிமைகளை நிலத்தோடும் தனித்தும் விற்கும் வழக்கம் உண்டென அறிந்தும், வரிக்கு ஊறு வருமென அஞ்சி அரசு நெடுநாள் வாளாவிருந்தது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்றல் கூடாது என்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமைகொள்ளுதலைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஆளை விடுவித்தது. ஆயின் நிலம் கொடுக்கவில்லை. விடுதலை பெற்றவன் திருமணத்திற்கோ பஞ்சத்திற்கோ பெற்ற சிறுகடன் அவனை மறுபடியும் அப்பண்ணையிலேயே படியாளாகப் பிணித்தது. அப்பிணிப்பினின்று தப்ப வழிதேடியோர் இலங்கைக் காப்பித் தோட்டத்திற்கும், மோரீசு, நேட்டால், மலேயா முதலிய நாடுகட்கும் கப்பலேறினர்.

இவற்றினும் கொடியது, குடியிருந்த மனையும் அவர்க்கு உரியதன்று என்பதே. சேரி நத்தம் காணியாளர்க்கு உரியதெனக் கொள்ளப்பட்டமையின், கூலி மிகுத்துக் கேட்டவன் குடிசையை இழக்க நேர்ந்தது. தரிசு நிலத்தை விண்ணப்பித்துப் பெறும் தர்க்காசு முறையிலும் செங்கற்பட்டில் மிராசுதாரர்க்கே முதலுரிமை இருந்தது. அச்சீமையின் கலெக்டர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை இந்நிலைமையை விரித்துரைத்தது. அதன் பயனாக 1892-இல் சென்னை அரசு தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று பின்னர் வழங்கப்பெற்றவை இவ்வாணையின் வழிவந்தவை. அவற்றுட் பல பிறர் கைக்குச் சென்றமையும், அவற்றை மீட்கும் போராட்டம் பின்னும் தொடர்ந்தமையும் பலரும் அறிந்தனவே.

தேவதானம் என்னாயிற்று

திருக்கோயில் நிலங்கள் மூன்று வழியில் மாறின. முதலாவது, பல நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு ஈடாகத் தஸ்திக், மோகினி என்னும் பெயர்களால் ஆண்டுதோறும் பணம் அளித்தது. நிலத்தின் விளைவு விலையோடு உயரும். குறித்த பணம் உயராது. நூறாண்டிற் பணத்தின் மதிப்புக் குறையக் குறையப் பல ஊர்க்கோயில்களில் விளக்கெரித்தற்கும் அது போதாதாயிற்று.

இரண்டாவது, ஆட்சிமுறை மாற்றம். 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குச் சட்டத்தால் கோயிலறங்கள் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு வந்தன. பிற சமயக் கோயில்களைக் கிறித்தவ அரசு நடத்துதல் தகாது என்று இங்கிலாந்தில் எழுந்த கிளர்ச்சியால், 1842-ஐ ஒட்டி அரசு கையை எடுத்துக்கொண்டது. கோயில்கள் தருமகர்த்தாக்களிடமும் சில மடங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் அவ்விலகலை உறுதிப்படுத்திற்று. தருமகர்த்தாவாக வந்தோர் பெரும்பாலும் அவ்வூர்ப் பெருநிலக்கிழாரே. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விடுபவரும், அதனைக் குறைந்த குத்தகைக்கு எடுப்பவரும் ஒரு குடும்பத்தினராக இருக்க நேர்ந்தபோது, தட்டிக் கேட்பார் யாருமிலர். 1925-இல் இயற்றப்பெற்று 1927-இல் மறுபடியும் நிறைவேறிய இந்து அறநிலையச் சட்டம் இக்குறையை நீக்கப் புகுந்ததேயாம்.

மூன்றாவது, இனாம் ஆராய்ச்சி. 1858-இல் தொடங்கி 1869-இல் முடிந்த இனாம் கமிசன், ஒவ்வொரு மானியத்திற்கும் சான்று கேட்டு உரிமைப்பத்திரம் வழங்கிற்று. கோயில் மானியங்கள், அவற்றிற்குரிய பணி நடைபெறுங்காறும் நிற்கும் என உறுதிபெற்றன. ஆயின் ஒரு பெருவினா எஞ்சிற்று: கோயில் பெற்றது மேல்வாரமோ, இருவாரமோ? மேல்வாரமே எனின் உழுகுடி காணியாளன். இருவாரமும் எனின் அவன் குத்தகைக்காரன். குடிநீங்காத் தேவதானம் என்று கல்லில் எழுதிய முன்னோர் இவ்வினாவிற்கு அன்றே விடை எழுதிவைத்தனர். நீதிமன்றமோ கல்லைப் பெரும்பாலும் நோக்கவில்லை. இனாம் பதிவேட்டையே நோக்கிற்று. மேல்வாரம் மட்டுமே அளிக்கப்பட்டது எனத் தானாகக் கொள்ளுதற்கு இடமில்லை என்று 1918-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புரைத்தது. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட்டு நிலச் சட்டம் சமீன் குடிகட்கு நிலைத்த உழவுரிமை தந்தது. 1936-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இனாம் ஊர்கட்கும் விரித்தது. இரயத்துவாரி நிலத்துக் குத்தகைக்காரர்க்கோ அத்தகைய காப்பு அந்நாளில் யாதும் இல்லை.

சட்டத்தின் கண்ணில் இறைவன் சொத்துடைய ஓர் ஆளானான். தருமகர்த்தா அவன்பொருட்டு நடத்துவோனானான். தோற்றத்தில் இது பழைய முறையை ஒத்தது. ஆயின் இடையே நின்ற சண்டேசுவரர் பெயர் ஆவணத்தினின்று மறைந்தது. தொண்டன் இருந்த இடத்தில் நிருவாகி வந்தான். தாதையேயாயினும் சிவபூசைக்குப் பிழை செய்தாரைப் பொறாத அவ்வடியார் பெயரால் எழுதப்படும் ஓலை, எழுதுவோன் நெஞ்சில் ஓர் அச்சத்தை விளைத்திருக்கும். முத்திரைத்தாளில் எழுதப்படும் குத்தகைச் சீட்டுக்கு அவ்வச்சம் இல்லை.

பின்னிகழ்ச்சிகள்

நாடு விடுதலை பெற்றபின் 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் சமீன்களை ஒழித்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டமும், கோயில் முதலிய பொது அறநிலைய நிலங்களை உழும் குத்தகைக்காரர்க்குக் காப்பளிக்கும் சட்டமும் இயற்றப்பெற்றன. 1963-இல் எஞ்சிய இனாம்கள் ஒழிக்கப்பட்டன. எனினும் 1968 டிசம்பர் 25 இரவில், தஞ்சைச் சீமைக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் சேரியைச் சார்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரு குடிசையினுள் தீக்கு இரையாயினர். சட்டம் எழுதிய தாளுக்கும் ஊரின் அதிகாரத்திற்கும் இடையே எத்துணைத் தொலைவு இருந்தது என்பதனை அத்தீ காட்டிற்று. 1971-இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வார்க்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1980-இல் கர்ணம், முன்சீபு என்னும் பதவிகள் ஒழிந்தன. 1816-இல் கட்டிய கட்டடத்தின் இறுதித் தூண் அன்று வீழ்ந்தது எனலாம்.

இவ்வரலாற்றில் இருவகைப் பிழையுரைகள் உலவுகின்றன. தீமையெல்லாம் வேற்றரசர் கொணர்ந்தன என்பது ஒன்று. தீண்டாச்சேரி என்று எழுதிய கல் அதனை மறுக்கின்றது. வேற்றரசரே ஒழுங்கு கொணர்ந்தனர் என்பது மற்றொன்று. கிட்டி பூட்டிய அறிக்கையும் ஏலத்திற் போன முட்டாவும் அதனை மறுக்கின்றன. உண்மை யாதெனின், பழைய ஏற்றத்தாழ்வோடு பழைய கடப்பாடும் இணைந்திருந்தது. புதிய முறை கடப்பாட்டைக் கழித்து, ஏற்றத்தாழ்வை உரிமையாக்கிப் பதிவுசெய்தது.

சித்தாந்தம் கற்பார்க்கு எனதென்னும் பற்றின் இயல்பு புதிதன்று. உயிர்க்குத் தன் உடம்பும் உலகும் இறைவனால் தரப்பட்டனவே என்பது அந்நெறியின் துணிபு. தேவதானம் என்னும் சொல் அத்துணிபை மண்ணின்மேல் எழுதிய சொல்லாகும். அந்நிலத்தைக் கவர்வது பிழை என்பதனை எல்லாரும் கூறுவர். அந்நிலத்தை உழுவான் வயிறு காய்வதும் அதனோடு ஒத்த பிழை என்பதனைக் குடிநீங்காத் தேவதானம் என்னும் சொல்லே அறிவுறுத்துகின்றது. கோயில் நிலத்தின் கணக்கை ஆராய்வோர், இனாம் பதிவேட்டோடு நில்லாது, அக்கோயிற் சுவரிலுள்ள கல்லெழுத்தையும் படித்தல் வேண்டும். இறைவற்கு அளித்தது யாது, குடிக்கு விட்டது யாது என்பதனை அளித்தவரே அங்கு எழுதி வைத்துள்ளார் என்க.